குண்டு விழுந்த தூரம்

அந்நிய நாட்டில் போய் இறங்கியதும் 'முதல் பார்வை' எழுதுவது நம் பயணக் கட்டுரைகளில் ஒரு சடங்காகிவிட்டது. தெரு சுத்தமா இருக்கு, ஆளுங்க வரிசையில நிக்கிறாங்க, ஹாரன் சத்தமே இல்ல. இதை வெறும் அனுபவப் பதிவு என்று ஒதுக்க என்னால் முடியவில்லை. பார்ப்பது, பெயரிடுவது, திரும்பி வந்து சொல்வது: இந்த மூன்றுக்கும் யாருக்கு அதிகாரம் இருந்தது என்ற கேள்வியை இவ்வடிவம் மறைக்கிறது. கடலூர், சிதம்பரம் பக்கத்திலிருந்தே இதைப் பேசலாம்.

தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி விலைக்கு வாங்கியது 1690இல். கோட்டையோடு எவ்வளவு நிலம்? பீரங்கிக் குண்டு போய் விழுகிற தூரம் வரைக்கும். பல திசையிலும் சுட்டார்கள். குண்டு எட்டிய எல்லைக்குள் இருந்த ஊர்கள் கம்பெனிக்குப் போயின. 'குண்டு கிராமங்கள்' என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. ஊர்க்காரனைக் கேட்டா சுட்டார்கள்? கப்பலில் வந்தவன் நாட்டைப் பார்த்து அளந்த விதம் இது.

சிதம்பரத்துக்குக் கிழக்கே, வெள்ளாறு கடலில் சேரும் இடத்தில் ஒரு ஊர். போர்ச்சுகீசியர் வைத்த பெயர் போர்ட்டோ நோவோ, புதிய துறைமுகம். புதுசு யாருக்கு? அங்கே வலை போட்டுக்கொண்டிருந்தவனுக்கா? நம்ம ஆள் அதையே பறங்கிப்பேட்டை என்றான். வந்தவன் பார்த்தது பயண இலக்கியமாக அச்சேறியது. இருந்தவன் பார்த்தது ஊர்ப்பெயராக மட்டும் தங்கியது. அதையும் ஒரு பிரதியாக வாசிக்க நாம் பழகவில்லை.

இங்கிருந்து போனவர்கள் கதை என்ன? சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய 'ட்ரூரோ' கப்பல் 1860 நவம்பர் 16இல் டர்பன் சேர்ந்தது. பின்னாளில் ஃபிஜி வரை ஆள் போனது. ஆற்காட்டு ஜில்லாக்கள் அதில் முக்கியமானவை. இறங்கிய அன்று அவர்கள் என்ன பார்த்தார்கள்? நமக்குக் கிடைப்பது கப்பல் பட்டியல்: பெயர், தகப்பன் பெயர், வயசு, சாதி, ஊர், உடம்பில் உள்ள தழும்பு. பார்க்கப்பட்டவர்கள் அவர்கள். பார்த்ததைக் கேட்டு எழுதிவைக்க அந்தப் பட்டியலில் இடமில்லை.

அந்நிய நாடு என்றால் கடல் தாண்டித்தான் இருக்கணுமா? ஆதனூரிலிருந்து தில்லை போக நந்தனுக்குக் கப்பல் வேண்டியிருக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி படைத்த நந்தன் ஆண்டையிடம் உத்தரவு கேட்டுக் காத்துக் கிடக்கிறான். இன்றைய மொழியில், விசா. 12ஆம் நூற்றாண்டுப் பெரியபுராணத்தில் தீதான் எல்லைச் சாவடி. பழைய உடம்பை அங்கே ஒப்படைத்து, பூணூல் அணிந்த முனிவராக எழுந்த பிறகே உள்ளே அனுமதி. போனவர் மறைந்துபோகிறார். சிதம்பரம் அவர் கண்ணுக்கு எப்படி இருந்தது என்று வந்து சொல்ல ஆளில்லை. பக்திக் கதையாடல் இதை முக்தி என்கிறது. எனக்கு இது சாட்சி அழிக்கப்பட்டதாகப் படுகிறது.

ஆலயப் பிரவேசச் சட்டம் சென்னை மாகாணத்தில் வந்தது 1947இல். அதற்கு முப்பது வருஷம் முன்பே, 1916இல், அதே சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பெயரில் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். வந்தவர்கள் மறையாமல் உட்கார்ந்து எழுதப் படித்த இடம் அது. நந்தனுக்கு மறுக்கப்பட்ட பயணக் கட்டுரையை இத்தகைய இடங்களிலிருந்துதான் தேட வேண்டும்.

பாரிஸ், சிங்கப்பூர் போய் வருகிற நண்பர்கள் தாராளமாக எழுதட்டும். அதே கையோடு சொந்த ஊரில் சேரிக்கும் ஊர்த்தெருவுக்கும் எவ்வளவு தூரம், அந்த எல்லையில் யாரை யார் நிறுத்தி விசாரிக்கிறார்கள் என்பதையும் எழுதிக் காட்டட்டும்.