மூன்றே முக்கால் அங்குலம்

ஸ்டார் வார்ஸ் படங்களைவிட அந்தப் படங்களுக்காக வார்த்த பொம்மைகள் எனக்குப் பெரிதாகத் தெரிகின்றன. படத்தின் ரசிகர்கள் இதை ஏற்கமாட்டார்கள், பரவாயில்லை. அமெரிக்காவின் சின்சினாட்டி நகரத்திலிருந்த கென்னர் கம்பெனி 1978 முதல் 1985 வரை விற்ற ஆக்‌ஷன் ஃபிகர்களைச் சொல்கிறேன். இவற்றைத் தேடி வாங்குகிறவர்களில் பலருக்கு அது தங்கள் சிறுவயதை மீட்டெடுக்கும் வேலை. சிலருக்கு முதலீடு. எனக்கு அந்தச் சிறுவயதும் வாய்க்கவில்லை, முதலீடு செய்கிற வசதியும் இல்லை. கையில் எடுத்துப் பார்க்கும்போது தெரிகிற வேலைப்பாடுதான் என்னை இழுத்தது. ஒருவரின் சாயலை எத்தனை குறைவான கோடுகளில் நிறுத்திவிட முடியும் என்பதில் இவற்றைச் செய்தவர்கள் கைதேர்ந்தவர்கள். அந்தத் தேர்ச்சியைப் பற்றிய பேச்சு, விலையைப் பற்றிய பேச்சில் அமுங்கிப்போகிறது.

முதலில் அளவு. அதுவரை அமெரிக்கப் பையன்கள் கையில் இருந்த வீரர் பொம்மைகள் பெரியவை. ஜி.ஐ. ஜோ 12 அங்குலம். மேகோ கம்பெனியின் சூப்பர்மேன், பேட்மேன் எல்லாம் 8 அங்குலம். உடம்புக்குத் துணியில் தைத்த சட்டை. ஸ்டார் வார்ஸ் உரிமை மேகோவிடம் போனபோது அது வேண்டாம் என்றுவிட்டது, கென்னர் எடுத்துக்கொண்டது. கென்னரின் வடிவமைப்பாளர் ஜிம் ஸ்வேரிங்கன் திரைக்கதையைப் படித்தவுடனே விஷயத்தைப் பிடித்துவிட்டார். இந்தக் கதையில் ஆட்களுக்கு இணையாக வாகனங்களும் முக்கியம். 12 அங்குல ஹான் சோலோவை உட்காரவைக்க அவனுடைய விண்கலமான மில்லேனியம் ஃபால்கனைச் செய்தால் அது வீட்டுக் கூடத்தில் பாதியை அடைத்துக்கொள்ளும். ஆகவே ஆட்களைச் சுருக்கு. எவ்வளவு என்று கேட்டதற்குக் கம்பெனித் தலைவர் பெர்னார்ட் லூமிஸ் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்துக் காட்டினார், அதை அளந்தபோது மூன்றே முக்கால் அங்குலம் வந்தது என்று ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, அளவு நிலைத்துவிட்டது. மாதிரி காட்டுவதற்கு ஸ்வேரிங்கன் அப்போது சந்தையில் இருந்த ஃபிஷர் பிரைஸ் 'அட்வென்ச்சர் பீப்பிள்' பொம்மைகளை வெட்டி, ஒட்டி, வண்ணம் பூசித்தான் முதல் உருவங்களைத் தயார் செய்தார்.

படம் 1977 மே மாதம் வந்தது. அந்த வருடக் கிறிஸ்துமஸுக்குள் பொம்மைகளை வார்த்து முடிக்க வழியில்லை. ஆகவே கென்னர் அட்டை உறை ஒன்றை விற்றது. உள்ளே ஒரு சான்றிதழ், ஒட்டுப்படங்கள், பொம்மைகளை நிறுத்திவைக்க ஓர் அட்டை மேடை. சான்றிதழை அனுப்பினால் படத்தின் பாத்திரங்களான லூக், லேயா, சூபாக்கா, ஆர்2-டி2 நால்வரும் 1978 பிப்ரவரி முதல் தபாலில் வருவார்கள். வெறும் உறையை விற்றார்கள் என்று இதை இன்றும் வியாபாரத் தந்திரக் கதையாகச் சொல்கிறார்கள். எனக்கு அதில் அவ்வளவு ஈடுபாடில்லை. அந்த நான்கு உருவங்கள் எப்படி இருந்தன என்பதே என் கவலை.

பெரும்பாலான உருவங்களுக்கு ஐந்தே மூட்டுகள். கழுத்து, இரண்டு தோள், இரண்டு இடுப்பு. முழங்கை மடங்காது, முழங்கால் மடங்காது. இன்றைய பொம்மைகளில் இருபது, முப்பது மூட்டுகள் வைக்கிறார்கள். ஒவ்வொரு மூட்டும் சிற்பத்தை ஓரிடத்தில் வெட்டுகிறது. ஐந்து மூட்டு உருவத்தில் தோளிலிருந்து விரல் நுனிவரை கோடு அறுபடாமல் இறங்குகிறது. அந்தக் கையை எந்தக் கோணத்தில் வளைத்து வைப்பது என்பதைச் சிற்பி ஒரே ஒருமுறை முடிவு செய்தாக வேண்டும். நீட்டினால் சுடுவது போலவும், இறக்கினால் சும்மா நிற்பது போலவும், உட்காரவைத்தால் விண்கலத்தின் கட்டுப்பாட்டைப் பிடித்திருப்பது போலவும் அதே வளைவு தெரியவேண்டும். தெரிகிறது. நல்ல சிற்பியின் கணக்கு அது.

செய்முறையும் கைவேலைதான். மெழுகில் உருவத்தைச் செதுக்குவார்கள். அதிலிருந்து சிலிக்கோன் அச்சு எடுத்து, டைனகாஸ்ட் என்கிற கெட்டிப் பிசினில் வார்த்து, மேலும் தீட்டிச் சரிசெய்து, அதன் பிறகே எஃகு அச்சுக்குப் போவார்கள். தலை சுண்டைக்காய் அளவு. அதில் ஹான் சோலோவாக நடித்த ஹாரிசன் ஃபோர்டு தெரியவேண்டும். அப்படியே தெரிகிறார் என்று சொல்ல மாட்டேன். ஹான் சோலோவுக்குச் சிறிய தலை, பெரிய தலை என்று இரண்டு வடிவங்கள் வெளிவந்தன, இரண்டிலும் முகம் சுமார்தான். கென்னர் சிற்பிகளின் பலம் மனித முகத்தில் இல்லை. முகமூடிகளிலும் இயந்திரங்களிலும் வேற்றுலகப் பிராணிகளிலும் அவர்கள் கை வேறு உயரத்துக்குப் போகிறது.

படத்தில் வரும் கவசப் படைவீரன் ஸ்டார்ம்ட்ரூப்பரை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளை உடம்பில் கறுப்புக் கோடுகள் சொற்பம். கவசத்தின் பிளவுகள் வண்ணத்தால் வந்தவை அல்ல, பள்ளத்தில் விழுகிற நிழலால் வருகின்றன. தலைக்கவசமும் மார்பும் ஒரே வார்ப்பு என்பதால் தலை திரும்பாது. குறை என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் பத்து பேரை வரிசையாக நிறுத்திப் பாருங்கள். யாரும் பக்கத்தில் இருப்பவனைப் பார்க்காத, உத்தரவுக்குக் காத்திருக்கிற படை ஒன்று மேசைமேல் நிற்கும்.

எனக்கு எல்லாவற்றிலும் மேலானது ஹேமர்ஹெட். முதல் படத்தின் மதுக்கடைக் காட்சியில் சில நொடிகள் வந்துபோகிற பிராணி. படத்தில் அவன் பழுப்பு அங்கி போட்டிருப்பான். கென்னர் அவனுக்கு நீலப்பச்சையில் உடலை ஒட்டிய உடுப்பு கொடுத்துவிட்டது. அந்த நிறம் பழுப்புத் தோலின்மேல் எவ்வளவு பொருத்தமாக உட்கார்ந்திருக்கிறது என்றால், பிறகு படத்தைப் பார்க்கும்போது அங்கிதான் தவறாகத் தெரிகிறது. கழுத்து மார்பிலிருந்து முன்னால் வளைந்து எழும்பி, அகலமான தலையைக் குறுக்காகத் தாங்குகிறது. கண்கள் இரண்டும் தலையின் இரு ஓரங்களில். நேராகப் பார்த்தால் முகமே இல்லை; பக்கவாட்டில் திருப்பினால் ஒரு கிழவனின் சோர்வு தெரிகிறது. தோலின் சுருக்கங்களை நகத்தால் தடவிப் பார்க்கலாம். சில நொடிப் பாத்திரத்துக்கு, சுமார் 2 டாலருக்கு விற்கப்போகிற ஒரு பொம்மைக்கு, யாரோ ஒருவர் உட்கார்ந்து அத்தனை சுருக்கங்களையும் மெழுகில் இழைத்திருக்கிறார்.

அதே மதுக்கடையிலிருந்து வந்தவன்தான் ஸ்னாகில்டூத். கென்னருக்குக் கிடைத்தது அந்தப் பாத்திரத்தின் பாதி உடம்பு மட்டுமே தெரிகிற கறுப்பு வெள்ளைப் புகைப்படம். இடுப்புக்குக் கீழே என்ன, என்ன நிறம் என்று யாருக்கும் தெரியாது. மனித உயரத்தில், நீல உடுப்பும் வெள்ளிநிறக் காலணியுமாகச் செய்துவிட்டார்கள். 1978-ல் சியர்ஸ் கடைகளுக்கென்றே வந்த மதுக்கடைத் தொகுப்பில் அவன் வெளியானான். நிஜத்தில் அவன் குள்ளன், உடுப்பு சிவப்பு. தனி அட்டையில் வந்தபோது திருத்திவிட்டார்கள்: குட்டை உருவம், சிவப்பு உடை, வெறுங்கால். இன்று சேகரிப்பாளர்கள் துரத்துவது நீலனைத்தான். அரிது என்பதற்காகத் துரத்துகிறார்கள். அரிதாக இல்லாவிட்டாலும் அவன் பக்கம்தான் நான் நிற்பேன். தகவல் இல்லாத இடத்தில் ஒரு சிற்பி சொந்தமாக யோசித்து முடித்த உருவம் அது. இடுப்பில் கைவைத்து நிற்காத குறைதான், அவ்வளவு மிடுக்கு.

இந்த இடத்தில் சேகரிப்பாளர்களின் இரண்டு பெரிய மோகங்களைச் சொல்லிவிட வேண்டும். ஒன்று வாள். லூக், வேடர், ஓபி-வான் மூவருக்கும் கைக்குள் ஒரு பள்ளம். அதில் ஒளிவாள் வழுக்கிக்கொண்டு உள்ளங்கை வழியாக வெளியே வரும். ஆரம்பத்தில் செய்த சிலவற்றில் அந்த வாளுக்குள் இன்னும் மெலிதான ஒரு கம்பி ஒளிந்திருக்கும், அதையும் இழுத்தால் வாள் இரண்டாம் முறை நீளும். எளிதில் உடைகிற வேலை, சீக்கிரமே கைவிட்டார்கள். இப்படிப்பட்ட லூக் அவ்வப்போது கண்ணில் படுவான். வேடரும் ஓபி-வானும் மிகமிக அரிது. இன்னொன்று ஜாவா என்ற பாத்திரம். குட்டி உருவம், ஆனால் மற்றவற்றின் விலையேதான். வினைல் மேலங்கியோடு பார்க்க அற்பமாக இருக்கிறது என்று துணி அங்கிக்கு மாற்றினார்கள். அந்த முதல் வினைல் அங்கி இன்று பெரும் பணம். ஓபி-வானின் அங்கியை வெட்டிச் சின்னதாக்கி ஜாவாவுக்குப் போட்டு விற்கிறவர்கள் ஏராளம். என்னைக் கேட்டால் துணி அங்கிதான் அழகு. தலைப்பாகத்தின் நிழலுக்குள் இரண்டு மஞ்சள் கண்கள் மட்டும் மினுங்குவது துணியில்தான் நடக்கிறது.

கூலிக்கு ஆள்பிடிக்கும் வேட்டைக்காரன் போபா ஃபெட்டின் பொம்மைக் கதை இவை எல்லாவற்றையும்விடப் பிரபலம். அட்டையிலிருந்து வெட்டிய நான்கு முத்திரைகளை அனுப்பினால், முதுகிலிருந்து ராக்கெட் பாயும் போபா ஃபெட் வருவான் என்று 1979-ல் விளம்பரம் செய்தார்கள். அதற்குள் வேறொரு கம்பெனியின் விண்கலப் பொம்மையிலிருந்து பாய்ந்த துண்டு தொண்டையில் சிக்கி ஒரு குழந்தை இறந்துபோனது. கென்னர் ராக்கெட்டை முதுகோடு ஒட்டிப் பாயாதபடி செய்துதான் அனுப்பியது. பாய்கிற வடிவம் எந்தக் குழந்தையின் கைக்கும் போகவில்லை. கம்பெனிக்குள் சோதனைக்காகச் செய்தவை மட்டும் எஞ்சின. கையால் வண்ணம் பூசிய அப்படியொன்று 2024-ல் ஏலத்தில் 5,25,000 டாலருக்குப் போனது. ஆனால் தபாலில் வந்த அந்தச் சாதாரண போபா ஃபெட்டே எனக்குப் போதும். பச்சை, சாம்பல், நீலம், அரக்கு என்று மங்கிய நிறங்கள் ஒன்றோடொன்று சண்டையிடாமல் நிற்கின்றன. கவசத்தின் தேய்மானத்தை வண்ணத்தில் காட்ட இடமில்லாத அளவில், அந்த மங்கலே தேய்மானத்தின் வேலையைச் செய்கிறது.

வாங்கத் தொடங்குகிறவர் முதலில் பழகவேண்டியது காலின் பின்புறத்தைப் படிப்பதற்கு. ஆரம்பகால உருவங்களில் பொடி எழுத்தில் வருடமும் 'ஜி.எம்.எஃப்.ஜி.ஐ.' என்ற எழுத்துகளும் இருக்கும். ஜெனரல் மில்ஸ் ஃபன் குரூப்; காலை உணவுத் தானியம் விற்கிற ஜெனரல் மில்ஸ்தான் அப்போது கென்னரின் முதலாளி. கூடவே ஹாங்காங், தைவான், மக்காவ், சீனா என்று ஏதாவது ஓர் ஊர். எந்த ஆலை என்பதற்கேற்ப முடியின் நிறம் மாறும், பிளாஸ்டிக்கின் பளபளப்பு மாறும். லூக்கின் தலைமுடி ஒன்றில் எலுமிச்சை மஞ்சள், ஒன்றில் பழுப்பு. ஒரே அச்சில் பிறந்தவர்களை இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதில் இருக்கிற சுகம் சொல்லி விளங்காது. ஆலையில் தூரிகை பிடித்த பெயர் தெரியாத பெண்களும் ஆண்களும் அந்த வித்தியாசங்களில்தான் கண்ணுக்குத் தெரிகிறார்கள்.

அடுத்தது துப்பாக்கி. உருவம் ஒரு விலை, அதன் சொந்த ஆயுதத்தோடு இன்னொரு விலை. குழந்தைகள் முதலில் தொலைப்பது அதைத்தான் என்பதால், போலி ஆயுதங்கள் சந்தையில் குவிந்துகிடக்கின்றன. தண்ணீரில் போட்டால் அசல் மிதக்கும், போலி முங்கும் என்பார்கள். பலமுறை சரியாக வரும், அதை மட்டும் நம்பக்கூடாது. விளிம்புகள் கூர்மையாக இருக்கின்றனவா, பிளாஸ்டிக்கின் நெகிழ்வும் பளபளப்பும் தெரிந்த அசலோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது மேல். அசலை நிறையக் கையாண்ட விரல்களுக்கு அது தானாக வரும்.

வெயில் இவற்றுக்கு எமன். ஸ்டார்ம்ட்ரூப்பரும் லேயாவும் மஞ்சளாகிப்போவார்கள். உறுப்புக்கு உறுப்பு பிளாஸ்டிக் வேறு என்பதால் உடம்பு மஞ்சளாகவும் கை வெள்ளையாகவும் நிற்பதுண்டு. சி-3பிஓ ரோபோவின் தங்கப் பூச்சு விரல் பட்ட இடங்களில் தேயும். ஆர்2-டி2வின் உடம்பைச் சுற்றி ஒட்டிய காகிதம் ஓரம் கிளம்பும். மென்மையான வினைலில் கலந்திருக்கும் எண்ணெய் போன்ற பொருள் கசிந்து பிசுபிசுக்கும். ஹைட்ரஜன் பெராக்சைடில் ஊறவைத்துப் புறஊதா வெளிச்சத்தில் காட்டி மஞ்சளை வெளுக்கிறவர்கள் இருக்கிறார்கள். மஞ்சள் திரும்பி வரக்கூடியது, பிளாஸ்டிக்கும் வலுவிழக்கலாம். நான் தொடமாட்டேன். வெதுவெதுப்பான தண்ணீர், துளி சோப்பு, மென்மையான பிரஷ், நிழலான அலமாரி: இதற்குமேல் வேண்டியதில்லை.

பிரிக்காத அட்டையோடு வாங்கி, தர நிர்ணய நிறுவனத்துக்கு அனுப்பி, மதிப்பெண் போட்ட அக்ரிலிக் பெட்டிக்குள் பூட்டி வைப்பது ஒரு வழி. அட்டையின் பின்புறத்தில் எத்தனை உருவங்களின் படம் இருக்கிறது என்பதை வைத்து அதற்கு வயது சொல்வார்கள். முதல் 12 பேர் மட்டும் இருந்தால் அது 1978-ன் மூத்த அட்டை. அந்த அட்டையின் அச்சு அழகை நான் மறுக்கவில்லை. ஆனால் பெட்டிக்குள் இருக்கும் உருவத்தின் முதுகை யாரும் பார்க்க முடியாது, கழுத்தைத் திருப்ப முடியாது, ஆர்2வின் தலையைச் சுற்றும்போது எழுகிற சிறு டிக் டிக் சத்தத்தைக் கேட்க முடியாது. சுற்றிப் பார்ப்பதற்காகச் செதுக்கிய சிற்பத்தை ஒரே பக்கமாக நிறுத்திவைக்க எனக்கு மனம் வரவில்லை.

அமெரிக்காவோடு இந்தக் கதை முடியவில்லை. இங்கிலாந்தில் பாலிடாய், மெக்சிகோவில் லிலி லேடி, பிரேசிலில் கிளாஸ்லைட் என்று உரிமம் பெற்ற கம்பெனிகள் தங்கள் கைவண்ணத்தைக் காட்டின. கென்னர் விற்காமல் விட்ட விளிக்ஸ் என்ற உருவம் பிரேசிலில் மட்டும் கடைக்கு வந்தது. துருக்கியில் உரிமமே இல்லாமல் உஸாய் என்ற பெயரில் வந்தவை நிறம் மாறி, பெயர் மாறி, சில சமயம் அட்டை ஓவியத்துக்குச் சம்பந்தமே இல்லாமல் இருக்கும். அவற்றின் துணிச்சலுக்காகவே உலகம் முழுவதும் தேடுகிறார்கள்.

கென்னரின் அளவு நம் ஊருக்கும் வந்தது, வேறு பெயரில். 1982-ல் ஹாஸ்ப்ரோ தன் ஜி.ஐ. ஜோவை அதே மூன்றே முக்கால் அங்குலத்துக்குச் சுருக்கியது. 1987-ல் எம்.ஆர்.எஃப். குழுமம் ஹாஸ்ப்ரோவோடு சேர்ந்து ஃபன்ஸ்கூலைத் தொடங்கிய பிறகு, அந்த ஜோக்கள் இந்தியாவிலேயே தயாராகிச் சென்னைக் கடைகளிலும் தொங்கின. ஹாஸ்ப்ரோ அச்சு, ஆனால் நிறம் இங்கே தீர்மானித்தது. அமெரிக்காவில் யாரும் பார்த்திராத சேர்க்கைகள். இப்போது வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் அவற்றைத் தேடி அலைகிறார்கள். யார் வீட்டுப் பரணிலாவது இருந்தால் வெயில் படாமல் எடுத்து வையுங்கள்.

ஸ்டார் வார்ஸ் உருவங்களில் இன்று தொடங்குகிறவருக்கு என் யோசனை: லூக்கை விடுங்கள், போபா ஃபெட்டை விடுங்கள். அட்டையில்லாத, மூட்டு தளராத, துப்பாக்கியோடு கூடிய ஹேமர்ஹெட் ஒன்றை வாங்குங்கள். இன்னும் கைக்கெட்டும் விலையில்தான் கிடைக்கிறான்.