படியெடுத்தலும் பார்வையும்: டெகாவின் 'சபைன் பெண்டிர்' குறித்துச் சில எண்ணங்கள்

படியெடுத்தல் என்னுஞ் சொல் நம்மிடையே பெரும்பாலும் இழிபொருளிலேயே வழங்குகின்றது. பரீட்சை மண்டபத்து நினைவு அதற்குக் காரணமாகலாம். ஆயின், ஐரோப்பிய ஓவிய வரலாற்றிலே அது நெடுங்காலம் கல்வியின் நடுவிடத்தைப் பெற்றிருந்தது. பாரிசின் லூவர் அரண்மனை 1793இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டபோது, புரட்சி அரசு வகுத்த பத்துநாட் கிழமையிலே பொதுமக்களுக்குக் கிடைத்தவை மூன்று நாட்களே; பெரும்பங்கு ஓவியருக்குரியதாயிருந்தது. அங்கே 1853இற் படியெடுப்போராகப் பதிந்துகொண்டவர்களுள் இளைஞரான எட்கார் டெகாவும் ஒருவர்.

1861க்கும் 1863க்கும் இடையில் டெகா படியெடுத்தது, நிக்கொலா பூசான் 1637-38 அளவில் வரைந்த 'சபைன் பெண்டிர் கவரப்படுதல்' என்னும் ஓவியத்தை. விழாவுக்கென அழைத்த அயலாரின் பெண்களை உரோமர் வலிந்து தூக்கிச் செல்லுங் கதை அது. உரோமுலசு உயர்ந்த இடத்தில் நின்று மேலாடையைத் தூக்கிச் சைகை காட்டுகிறான்; கீழே கைகளும் கால்களும் பின்னிக் கிடக்கின்றன. டெகாவின் படி ஏறத்தாழ மூலத்தின் அளவினதே. (இன்று லூவரில் மூல அளவிலேயே படியெடுப்பதற்கு இடமில்லை.)

கோட்டோவியத்தைப் படியெடுப்பதும் எண்ணெய் வண்ண ஓவியத்தைப் படியெடுப்பதும் ஒன்றல்ல. ஆளிவிதை எண்ணெய் நீர்போல ஆவியாகி உலர்வதில்லை. காற்றின் ஒட்சிசனை ஏற்று இறுகுகின்றது. ஆதலின் எண்ணெய் குறைந்த பூச்சு அடியிலும், மிகுந்தது மேலிலும் அமைதல் வேண்டும். மாறினால் மேற்பூச்சு வெடிக்கும். மாணவனின் கண்ணுக்குப்படுவதோ மேற்பரப்பு மட்டுமே. அடியில் எந்நிறம் பூசப்பட்டது, எது முதலில் உலர்ந்தது என்பனவற்றை அவன் ஊகித்தே அறியவேண்டும். பழைய வார்னிஸின் மஞ்சளை ஆசானின் நிறமென மயங்கிப் படியெடுத்தோரும் உளர். பூசான் சிறு மெழுகுருவங்களைச் செய்து, பெட்டி போன்ற அரங்கில் நிறுத்தி ஒளியமைதியை ஆராய்ந்தவர். அவருடைய உருவங்கள் பாய்கையிலும் சிலைபோல உறைந்து நிற்பதற்கு இதுவே காரணமென எனக்குத் தோன்றுகின்றது. படியெடுப்பவன் தூரிகையைத் தொடர்ந்து செல்லச் செல்ல, மறைந்துபோன அந்த அரங்கையும் மனத்தில் மீளக் கட்டுகிறான். நூலில் வாசித்து இதனைப் பெற முடியாது.

ஆயினும், படியெடுத்தல் உத்திப் பயிற்சி மட்டுமே, உள்ளடக்கம் அதனைத் தீண்டாது என்போருடன் நான் உடன்படுவதற்கில்லை. தூக்கப்படும் பெண்ணின் விரிந்த கை, நாட்கணக்கில் அதனை வரைபவனுக்கு ஒரு சாய்கோடாகிவிடுகின்றது. அவளது அலறல் எதிர்ப்புறத்து உருவத்தைச் சமன்செய்யும் எடையாகின்றது. வன்முறையை ஒழுங்காகக் காணும் பழக்கம் கைவழியே கண்ணுக்கு ஏறுகின்றது. பூசானின் மேதைமையை மறுப்பதற்கன்று இதனைக் கூறுவது. அவ்வொழுங்கு அத்துணை நிறைவாயிருப்பதனாலேயே அது வினாவுக்குரியதாகின்றது.

டெகாவிடம் இதற்குச் சான்று உண்டு. 1865ஆம் ஆண்டுச் சலோன் கண்காட்சியில் அவர் வைத்த 'மத்தியகாலப் போர்க்காட்சி'யில், குதிரைமேல் வரும் வீரர் ஆடையற்ற பெண்களை அம்பெய்து வீழ்த்துகின்றனர். பூசானிடம் வெளி முழுதும் நிரம்பி வழிந்த கூட்டம் இங்கே கலைந்துவிட்டது. வெறுநிலத்தில் உடல்கள் தனித்தனியே கிடக்கின்றன. சைகை காட்டும் தலைவன் இல்லை. கட்டடங்களின் கம்பீரமும் இல்லை. சாய்கோடுகள் மட்டும் எஞ்சியுள்ளன, ஆனால் அவை எதனையும் சமன்செய்யவில்லை. பூசானின் ஒழுங்கைக் கைவழியே அறிந்தவரால்தான் அதனை இவ்வாறு குலைக்க முடிந்தது என்பது என் துணிபு. அன்று அவ்வோவியத்தைப் பெரிதாகக் கவனித்தவர் இலர். வரலாற்றுப் பொருளில் டெகா சலோனுக்கு அனுப்பிய இறுதி ஓவியமும் அதுவே. அதன்பின் அவர் நாடியவை குதிரைப்பந்தயத் திடலும், நடன ஒத்திகை அறையும், சலவைப் பெண்களும். அப்போர்க்காட்சிக்கென முன்னர் அவர் வரைந்து பார்த்த வளைந்த முதுகுகளும் மடங்கிய கைகளும், பல்லாண்டுகளின் பின் அவர் தீட்டிய நீராடும் பெண்களிடம் மீண்டுங் காணப்படுகின்றன. அங்கே அவர்களைத் துரத்துவோர் எவருமில்லை.