திறந்த கதவும் வெளியேறாத மூவரும்

மறுமையைப் பற்றிய நாடகம் என்று கேள்வியுற்று, ழான் பால் சார்த்தரின் ‘மீள முடியுமா?’வைக் கையிலெடுக்கும் வாசகர் ஏமாறக்கூடும். வெ. ஸ்ரீராம் பிரெஞ்சிலிருந்து தமிழாக்கிய இந்த ஓரங்க நாடகத்தில் நெருப்பில்லை. தீர்ப்பளிக்கும் இறைவனும் இல்லை. மூன்று சோபாக்கள், ஒரு வெண்கலச் சிலை, அணையாத விளக்கு. முகம் பார்க்கக் கண்ணாடியில்லை, கண்ணிமைக்கவும் இயலாது. 1944 மே மாதம், ஜெர்மானியர் பிடியிலிருந்த பாரிஸில் இது முதன்முதலாக மேடையேறியது.

அந்த அறைக்குள் மூவர். போர் வந்ததும் தப்பியோடிச் சுட்டுக்கொல்லப்பட்ட பத்திரிகையாளன் கார்சேன், அஞ்சலக ஊழியை இனேஸ், பெற்ற குழந்தையை ஏரியில் மூழ்கடித்த எஸ்தெல். தான் கோழையல்லன் என்று இனேஸ் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது கார்சேனின் தவிப்பு. இனேஸ் நாடுவதோ எஸ்தெலை. எஸ்தெல் நாடுவது ஓர் ஆணின் பார்வையை. எந்த இருவர் நெருங்கினாலும் மூன்றாமவரின் கண் அதைக் கலைத்துவிடுகிறது. கண்ணாடியில்லாத எஸ்தெலுக்குக் கண்ணாடியாக முன்வரும் இனேஸ், அவள் கன்னத்தில் பரு இருப்பதாகச் சொல்லித் துடிக்கவைக்கும் இடம் நாடகத்தின் மிகக் கூர்மையான காட்சி.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டை ஒட்டி, ஓர் அறையில் நால்வர் ஐவராகத் தங்கியிருக்கும் தொழிலாளரை நாம் அறிவோம். இடம் இதைவிடக் குறுகல். எனினும் ஒருவர் இரவு ஷிப்டுக்குப் போகிறார், ஒருவர் உறங்குகிறார், வீட்டாரோடு பேச இன்னொருவர் மாடிப்படிக்குப் போய்விடுகிறார். சார்த்தர் பறித்துக்கொண்டது இந்தச் சிறு விலகல்களைத்தான். பிறரே நரகம் என்பதாக இந்நாடகத்தின் பெயரால் ஊரெங்கும் சொல்லப்படும் கருத்தைப் பற்றி அவரே 1965இல் விளக்கமளித்தார்: பிறரோடான உறவு எப்போதும் நஞ்சு என்று தாம் சொல்லவில்லை, அது கோணிக் கெட்டுப்போனால்தான் மற்றவர் நரகமாகிறார் என்றார். மேற்கோள் காட்டுவோர் பலர் இதைக் கவனிப்பதில்லை.

நாத்திகர் எழுதியது என்று ஒதுக்குவோரும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நரகவாசிகள் ஒருவரோடொருவர் தர்க்கிப்பதைத் திருக்குர்ஆனின் ஸாத் அத்தியாயம் பேசுகிறது. இக்காட்சி நமக்குப் புதிதன்று. வேறுபாடு மற்றோரிடத்தில். முஃமினூன் அத்தியாயத்தில், மரணம் வந்தபின் மனிதன் நற்செயல் புரியத் தன்னைத் திருப்பியனுப்புமாறு மன்றாடுகிறான்; வழி அடைபட்டிருக்கிறது. சார்த்தரிடமோ, கார்சேன் முட்டி மோதிய கதவு திடீரெனத் திறந்துகொள்கிறது; ஒருவரும் வெளியேறவில்லை. தன்னை மதிக்க மறுக்கும் இனேஸை விட்டுப் போக அவனால் முடியவில்லை. இமாம் கஸ்ஸாலி ‘இஹ்யா’வில் புகழாசைக்கும் முகஸ்துதிக்கும் ஒரு தனி நூலையே ஒதுக்கினார். மனிதரின் கண்ணையே தன் மீஸானாக்கிக்கொண்டவனின் நிலையை, இறைவனை மறுத்த ஒருவர் இத்துணை துல்லியமாக வரைந்திருப்பது நம்மைச் சிந்திக்கவைக்கிறது.

குறையும் உண்டு. கார்சேனின் கோழைத்தனத்துக்கு நாடகம் நெடுநேரம் ஒதுக்குகிறது. ஏரியில் மூழ்கிய சிசுவுக்கோ சில வரிகளே. அதுவும் எஸ்தெலின் அலட்சியத்தைக் காட்டுமளவில் மட்டும். அக்குழந்தைக்காக வழக்குரைக்க அந்த அறையில் எவருமில்லை.