‘அரண்யதேவ்’: பெயராக்கமும் தெய்வத் தகுதியும்

கொல்கத்தாவின் டாலிகஞ்ச் வங்கத் திரைத்தொழிலின் இருப்பிடம். அங்குள்ள மெட்ரோ நிலையம் நடிகர் உத்தம்குமாரின் பெயரை ‘மகாநாயக்’ என்னும் அடைமொழியுடன் தாங்கியுள்ளது. மக்கள் பெரிதும் போற்றிய அக்கலைஞருக்கு வங்கமொழி அளித்த சொல் ‘நாயகன்’ என்பதே, ‘தேவன்’ அன்று. எனினும் அம்மொழியே படக்கதை மாந்தன் ஒருவனுக்குத் ‘தேவ்’ என்பதைத் தயங்காது வழங்கியுள்ளது. அமெரிக்கரான லீ ஃபாக் 1936இல் படைத்த ஃபேன்டம் வங்கத்தில் ‘அரண்யதேவ்’ ஆனான். இந்தி அவனை ‘வேதாள்’ என்றது. தமிழில் ராணி காமிக்ஸ் ‘மாயாவி’ என்றது. ஒருவனே தெய்வம், பேய், மாயம் வல்லோன் என மூவகைப்படுவது ஆராயத்தக்கது.

ஆற்றலே தெய்வத் தகுதி எனின் வங்கப் பெயர் பொருந்தாது. ஃபேன்டம் மீமானுட ஆற்றல் ஏதுமற்றவன். மாறாக, நாராயண் தேப்நாத் 1965இல் படைத்த பாண்டுலின் மார்பில் பட்ட துப்பாக்கிக் குண்டுகள் தெறித்து விழும். அவனுக்கோ ‘தி கிரேட்’ என்னும் ஆங்கில அடையே கிடைத்தது. எனவே தகுதியை வேறிடத்தில் தேடவேண்டும்.

தொல்காப்பிய மரபில் தெய்வம் கருப்பொருள்களுள் ஒன்று. மாயோனுக்குக் காடு, சேயோனுக்கு மலை என நிலத்தோடு பிணைந்தது. ஃபேன்டமும் ஒரு காட்டிற்குரியவன், அதன் காவலன், கானக மக்களால் இறவாதவன் என நம்பப்படுபவன். ஆகவே ‘தேவ்’ என்பதற்குத் தகுதி தருவது ‘அரண்ய’ என்னும் முன்சொல்லே எனலாம். ‘மாயாவி’ என்பதற்கு இத்தகைய பொருத்தம் இல்லை. முத்து காமிக்ஸ் 1972இல் அறிமுகப்படுத்திய இரும்புக்கை மாயாவி உருமறைபவன். அவனுக்கு அப்பெயர் தகும். ஃபேன்டம் மாயம் எதுவும் செய்வதில்லை.

எனினும் வங்கப் பெயரிலும் ஒரு குறை உண்டு. நடுகல் மரபில் வீரனின் இறப்பை ஊர் அறியும். அறிந்தே கல் நட்டுப் படையலிடும். ஃபேன்டம் மரபிலோ தந்தையின் இறப்பு மறைக்கப்படுகிறது. மகன் அதே முகமூடியை அணிகிறான். உண்மை அறிந்தவர் வாசகர். அறியாதவர் கானக மக்களுள் பெரும்பாலோர். வெள்ளையன் ஒருவன் அவர்தம் அறியாமையால் பெற்ற தகுதியை ‘தேவ்’ என்னும் சொல் ஆசிரியர் கூற்றாகவே உறுதிப்படுத்திவிடுகிறது. கதைமாந்தர் நம்பிக்கையைப் பெயராக்கும் மொழிபெயர்ப்பாளர், அது யாருடைய நம்பிக்கை என்பதையும் எண்ணுதல் வேண்டும்.