வாக்கும் மானியமும்

களியக்காவிளையைத் தாண்டித் திருவனந்தபுரம் போகும் பேருந்தில் சன்னலோரம் உட்கார்ந்தால், பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் வழியெங்கும் ஒரு வகைப் பெயர்ப்பலகை கண்ணில் பட்டுக்கொண்டே வரும். ஓட்டுக்கூரையோ ஒற்றைத் தளமோ உள்ள சின்னக் கட்டடம். வாசகசாலையின் பெயர், தொடங்கிய ஆண்டு, பதிவு எண். அதற்குக் கீழே, கேரள மாநில லைப்ரரி கவுன்சிலில் இணைந்தது என்று ஒரு வரி. தமிழ்நாட்டிலிருந்து போகிறவர் அதை அரசின் கிளை நூலகம் என்றுதான் நினைப்பார். உண்மையில் அது ஊர்க்காரர்கள் இடம் தேடி, வசூல் செய்து, கட்டிடம் எழுப்பி, தங்களுக்குள் ஒரு நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுத்து நடத்துவது. திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட கவுன்சில் இப்படிப்பட்ட ஆயிரக்கணக்கான வாசகசாலைகளின் கூட்டமைப்பு. ஊர்க்குழுக்களுக்கு மேலே ஓர் அமைப்பு இருந்தால் என்ன கிடைக்கும், என்ன போகும் என்று எடைபோட இதைவிட நல்ல எடுத்துக்காட்டு தென்னிந்தியாவில் கிடைப்பது அரிது.

இதன் தொடக்கமே சுவாரசியமானது. 1945-ல் அம்பலப்புழையில் 47 வாசகசாலைகளின் ஆட்களைக் கூட்டித் திருவிதாங்கூர் கிரந்தசாலா சங்கத்தை உருவாக்கினார் பி. என். பணிக்கர். அந்தக் கூட்டத்தைத் தொடங்கிவைத்தவர் திவான் சர் சி. பி. ராமசாமி ஐயர். மறு ஆண்டில், அதே அம்பலப்புழைக்குப் பக்கத்தில் உள்ள புன்னப்பிராவில் தொழிலாளர் எழுச்சியைத் துப்பாக்கியால் அடக்கியதும் அவருடைய அரசுதான். ஊர் இளைஞர்கள் ஒன்றுகூடும் இடங்களைச் சந்தேகத்தோடு பார்த்த ஆட்சியின் கையாலேயே விளக்கேற்ற வைத்தது பணிக்கரின் சாமர்த்தியம். ஆட்சியாளரைப் பகைக்காமல் அவரிடமிருந்தே அங்கீகாரம் வாங்குவது என்ற அந்த வழி, இன்றுவரை இந்த அமைப்பின் குணமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. அன்றைய திருவிதாங்கூரில் இன்றைய குமரி மாவட்டமும் அடக்கம் என்பதைத் தமிழ் வாசகர் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

மாநிலம் உருவான பிறகு சங்கம் கேரளம் முழுவதும் பரவியது. 1975-ல் எழுத்தறிவுப் பணிக்காக யுனெஸ்கோவின் குரூப்ஸ்கயா விருது கிடைத்தது. இரண்டே ஆண்டுகளில், 1977-ல், மாநில அரசு சங்கத்தின் நிர்வாகத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. 32 ஆண்டுகள் செயலாளராக இருந்த பணிக்கர் வெளியே வந்து, கான்ஃபெட் என்ற முதியோர் கல்வி அமைப்பைத் தொடங்கினார்.

அடுத்து நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. தேர்ந்தெடுக்கப்பட்ட தலைமை பல ஆண்டுகள் இல்லாமலே போனது. ஆனாலும் வாசகசாலைகள் மூடிக் கிடக்கவில்லை. கட்டிடமும் புத்தகமும் ஊருக்குச் சொந்தம். பத்திரிகைக்குச் சந்தா கட்டியது ஊர். கூட்டமைப்பு பறிபோனாலும் உறுப்பு அமைப்புகள் உயிரோடு இருந்தன. அந்த அடித்தளம் இருந்ததால்தான் 1989-ல் கேரளப் பொது நூலகச் சட்டம் வந்தபோது, புதிதாக நூலகம் கட்டும் வேலை அரசுக்கு இருக்கவில்லை. ஏற்கெனவே இருந்ததைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தால் போதுமாக இருந்தது.

அந்தச் சட்டப்படி தாலுக்கா, மாவட்டம், மாநிலம் என்று மூன்று அடுக்கு. இணைந்த வாசகசாலைகளின் பிரதிநிதிகள் வாக்களித்துக் கீழ் அடுக்கைத் தேர்ந்தெடுக்க, அதிலிருந்து மேலடுக்குகள் அமைகின்றன. உள்ளாட்சிகள் வசூலிக்கும் கட்டிட வரியோடு 5 சதவீத நூலக வரி சேர்த்து வாங்கப்பட்டுக் கவுன்சிலுக்கு வருகிறது. மாநிலத்தின் கல்வி ஒதுக்கீட்டில் ஒரு சதவீதத்துக்குக் குறையாமல் தர வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. 1994 முதல் இந்த ஏற்பாடு இயங்குகிறது.

இதில் ஊர்க்குழுவுக்குக் கிடைப்பது என்ன? முதலில், நிச்சயம். நன்கொடையை நம்பி நடக்கும் எந்தக் குழுவுக்கும் அடுத்த ஆண்டு என்பது கேள்விக்குறி. இங்கே தரத்துக்கு ஏற்ற ஆண்டு மானியம், நூலகருக்கு ஒரு படி, மாவட்டந்தோறும் நடக்கும் புத்தகத் திருவிழாவில் போய்ப் பிடித்ததை வாங்கிக்கொள்ளும் வாய்ப்பு. எந்தப் புத்தகம் வாங்குவது என்பதை ஊரே முடிவு செய்கிறது. இது சாதாரண உரிமை இல்லை. மேலிருந்து மூட்டையாக வந்திறங்கும் புத்தகங்கள் பிரிக்கப்படாமலே அலமாரியில் கிடப்பதைத் தமிழ்நாட்டு வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. இன்னொன்று, அங்கீகாரம். பதிவு எண்ணோடு போகும் செயலாளரைப் பஞ்சாயத்து அலுவலகத்தில் உட்காரச் சொல்கிறார்கள். கவுன்சில் கொண்டுவந்த திட்டங்களும் உண்டு. பெண்களுக்கு வீடு தேடிப் புத்தகம் கொண்டுபோகும் ஏற்பாடு அவற்றில் சிறந்தது. வாசகசாலை என்றால் ஆண்கள் பத்திரிகை படித்து அரசியல் பேசும் இடம் என்றிருந்த வழக்கத்தை, எந்த மேடைப் பேச்சையும்விட அது அதிகமாக அசைத்தது.

இனிக் குறைக்கு வரலாம்.

மானியம் தரத்தைப் பொறுத்தது. தரத்தை ஆண்டுதோறும் பதிவேடு பார்த்து முடிவு செய்வது கவுன்சில். அந்தக் கவுன்சிலைத் தேர்ந்தெடுப்பது, தரம் வாங்கப் போகும் அதே வாசகசாலைகள். மதிப்பெண் போடுபவரின் பதவி, மதிப்பெண் வாங்குபவரின் வாக்கில் இருக்கிறது. இந்த வட்டத்தில் யாரும் கெட்டவராக இருக்கத் தேவையில்லை. நல்லவர்களே இருந்தாலும், பூட்டிக் கிடக்கும் வாசகசாலையைப் பூட்டிக் கிடக்கிறது என்று எழுதுவதற்குக் கை வராது. வாக்குள்ள இடத்தில் கட்சியும் வரும். கவுன்சில் தேர்தலில் கேரளத்தின் அணி அரசியல் அப்படியே இறங்கி நிற்பது அங்கே யாருக்கும் இரகசியமில்லை. எதிரணி நடத்தும் வாசகசாலைக்குத் தரம் குறைந்தால், அது புத்தகம் குறைந்ததாலா, வேறு காரணமா என்ற சந்தேகம் எழுந்தே தீரும். சந்தேகம் தவறாக இருக்கலாம். ஆனால் அதைத் தீர்த்துவைக்க வெளியாள் ஒருவர் இந்த அமைப்பில் இல்லை.

மதிப்பெண்ணுக்கு இன்னொரு விளைவும் உண்டு. சிறுவர் பிரிவு இருக்கிறதா, பெண்கள் பிரிவு இருக்கிறதா, கூட்டம் நடந்ததா என்று கேட்டால், நடந்ததற்குப் பதிவேடு எழுதுவது எளிது. பணிக்கரின் நினைவு நாளான ஜூன் 19-ல் தொடங்கி ஜூலை 7 வரை வாசிப்பு விழா. ஏறத்தாழ எல்லா ஊரிலும் அதே பேனர், அதே உறுதிமொழி, அதே குழுப்படம். தன்னார்வக் குழுவின் அழகே ஒன்றைப்போல் ஒன்று இல்லாததுதான். வஞ்சியூரில் 1914-ல் தொடங்கிய ஸ்ரீசித்திரைத் திருநாள் நூலகத்தையும் மலையடிவாரத்தில் இரண்டு அலமாரியோடு இருக்கும் வாசகசாலையையும் ஒரே படிவத்தில் அளந்தால், இரண்டையும் அளந்ததாகாது. நூலகருக்குத் தரப்படும் படியோ ஒரு குடும்பத்தின் செலவுக்கு அருகில்கூட வராது. மாலை நேரத்தில் கதவு திறப்பவர் இல்லாத ஊரில் எந்தத் திட்டமும் நடக்காது என்பது தெரிந்தும், சேவை என்ற சொல்லின் பின்னால் அந்தக் குறை தொடர்ந்து ஒளிந்துகொள்கிறது.

அரசுப் பணம் இல்லாமல் கூட்டமைப்பு நடக்காதா என்று கேட்கலாம். அதற்கும் திருவனந்தபுரத்திலேயே பதில் இருக்கிறது. கரமனையில் இருக்கும் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு, சிஃப்ஸ், 1980-ல் பதிவானது. நகரத்துக்கு வடக்கே மரியநாட்டில் தொடங்கிய ஊர்ச் சங்கம்தான் அதற்கு முன்மாதிரி. கரையிலேயே ஏலம் நடத்தி, உறுப்பினரின் மீனுக்கு நியாய விலை வாங்கித் தந்து, அதில் ஒரு சிறு சதவீதம் எடுத்துக்கொள்வது சங்கத்தின் வழி. முன்பணம் கொடுத்து மீனைக் கட்டிப்போட்ட இடைத்தரகரின் பிடி அப்படித்தான் தளர்ந்தது. குமரிக் கரையின் தமிழ் மீனவர்களும் இதில் உண்டு. முட்டத்தில் கூட்டமைப்பின் படகுக் கூடம் இருக்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு தரங்கம்பாடியில் வீடு கட்டித் தந்ததில் இதற்குப் பெரும் பங்கு. இங்கே மதிப்பெண் போடுவது உறுப்பினர். படகும் எஞ்சின் பழுதுபார்ப்பும் சரியில்லை என்றால் அவர் வேறு கடைக்குப் போய்விடுவார். குறையும் அதே இடத்தில்தான்: மீன்பாடு குறைந்தால் கூட்டமைப்பின் வருமானமும் குறையும், உதவி அதிகம் தேவைப்படும் ஆண்டில் கை சுருங்கும். கரையில் மீன் வாங்கித் தலைச்சுமையாக விற்கும் பெண்களுக்கு, கடலுக்குப் போகிறவர்களின் சங்கத்தில் மைய இடம் எளிதில் கிடைக்கவும் இல்லை. வாசகசாலை விற்பதற்கு மீன் பிடிப்பதில்லை என்பதால் இந்த வழியை அப்படியே அங்கே நகலெடுக்கவும் முடியாது.

தமிழ்நாட்டின் கதை வேறு. சுதந்திர இந்தியாவில் நூலகச் சட்டம் முதலில் வந்தது சென்னை மாகாணத்தில், 1948-ல். எஸ். ஆர். ரங்கநாதனின் முயற்சி அது. இன்று நூலக வரியும் 10 சதவீதம், கேரளத்தைப்போல் இரு மடங்கு. ஊழியர், கட்டிடம், புத்தகம் எல்லாம் அரசுடையது. ஒழுங்கு உண்டு, நூலகருக்கு ஊதியம் உண்டு. ஊர்க்காரருக்கு மட்டும் அதில் வேலையில்லை. வாசகர் வட்டம் என்று ஒன்று பல நூலகங்களில் இருக்கிறது. அதற்கு வாக்கும் இல்லை, வரவு செலவும் இல்லை. ஒரு காலத்தில் இங்கும் தெருமுனைகளில் திராவிட இயக்கப் படிப்பகங்களும் மன்றங்களும் நிறைய இருந்தன. அவற்றைக் கட்சிக்கு அப்பால் ஒன்றுசேர்த்துக் காப்பாற்ற ஓர் அமைப்பு எழவில்லை. கட்சிகள் ஆட்சிக்கு வந்தபின் பல படிப்பகங்கள் கொடிக்கம்பமாகச் சுருங்கின.

ஆகவே கேரளத்தின் குறைகளைச் சொல்லிவிட்டுத் தமிழ்நாடு நிம்மதியாக இருக்க முடியாது. குறையோடு இருக்கும் கூட்டமைப்பைத் திருத்தலாம். இல்லாததைத் திருத்த வழியில்லை. கவுன்சிலில் திருத்த வேண்டியதும் நீண்ட பட்டியல் இல்லை. தர ஆய்வைத் தேர்தலில் நிற்பவர்களிடமிருந்து பிரித்து, வெளி மாவட்ட நூலகர்களும் ஆசிரியர்களும் கொண்ட தனிக் குழுவிடம் தர வேண்டும். ஒவ்வொரு வாசகசாலைக்கும் எந்தக் காரணத்துக்காக எந்தத் தரம் என்பதைப் பஞ்சாயத்துப் பலகையில் ஒட்ட வேண்டும். நூலகரின் படியை வாழத்தக்க தொகையாக்கி மாதந்தோறும் தர வேண்டும். தமிழ்நாடு செய்யக்கூடியது இன்னும் சிறியது: நூலக வரியில் ஒரு பங்கை வாசகர் வட்டங்களுக்கு ஒதுக்கி, அவற்றின் பொறுப்பாளர்களை வாசகர்களே தேர்ந்தெடுக்க விட்டால் தொடக்கத்துக்கு அது போதும்.