வெயில் தாழ்ந்தபின் ஒரு கூத்து

சுவீடன்காரர்கள் ஜூன் மாத வெயிலைக் கொண்டாட வெளியே வந்து, இலையும் பூவும் சுற்றிய கம்பத்தை வட்டமிட்டு ஆடுவார்கள். திருவண்ணாமலைப் பக்கம் கதையே வேறு. வெயில் தாழ்ந்தால்தான் ஜனம் வெளியே வரும். கோடையில் ரமணாசிரமத்தைத் தாண்டிச் சுற்றுவட்டாரக் கிராமங்களுக்குப் போய்ப் பாருங்கள். திரௌபதியம்மன் கோயில்களில் மகாபாரத விழா நடக்கும். பகலில் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து. பாயைக் கொண்டுபோய் விரித்தால் இடம் உங்களுடையது.

எனக்குப் பிடித்தது வேடம் நுழையும் அழகு. இரண்டு பேர் திரையை விரித்துப் பிடித்திருப்பார்கள். முதலில் சலங்கைச் சத்தம். பிறகு திரைக்கு மேலே கிரீடத்தின் நுனி. முகவீணை உச்சத்துக்குப் போகும், மத்தளம் விடாது துரத்தும். அப்புறம்தான் அரிதாரம் மின்னும் துரியோதனன் முகம். மகாராஜா ஆனாலும் கூத்தின் கோமாளியான கட்டியங்காரனின் நக்கலுக்குத் தப்ப முடியாது. அதற்காகவே தூங்காமல் உட்கார்ந்திருக்கும் பாட்டிகள் உண்டு.

அர்ச்சுனன் தபசுக் கூத்தன்று, அர்ச்சுனனாக நடிப்பவர் நட்டு வைத்த மரத்தில் வேடத்தோடு பாடிக்கொண்டே ஏறி, உச்சியிலிருந்து எலுமிச்சம்பழம் வீசுவார். பிள்ளை வரம் வேண்டுகிற பெண்கள் மடியேந்தி நிற்பார்கள். கடைசி நாள் படுகளம்: தரையில் மண்ணால் செய்த பிரம்மாண்டமான துரியோதனன், பீமன் அடிப்பதற்கெனத் தொடையைக் காட்டிப் படுத்திருப்பான்.

கோடையில் கிரிவலம் வருகிறவர்கள் கூடுதலாக ஓர் இரவு தங்குங்கள். கூத்துக்கு டிக்கெட் கிடையாது.