வெள்ளியின் விலையும் வேலையின் மதிப்பும்

மலேசியத் தமிழர் நாவில் 'வெள்ளி' என்னும் சொல்லுக்குப் பணம் என்பதே முதற்பொருள். 'பத்து வெள்ளி கொடு' என்று ஒருவர் கேட்டால் பத்து ரிங்கிட்டை நீட்டுவோமேயன்றி உலோகத்தைத் தேடிச் செல்லமாட்டோம். வெள்ளிக் காசு புழங்கிய நாளில் எழுந்த இவ்வழக்கு, காசிலிருந்து வெள்ளி மறைந்த பின்னும் நம்மிடையே நிலைத்துவிட்டது. சொல்லாராய்ச்சியாளர்க்கு இது சுவையான செய்தி. ஆனால் இச்சொல்லோடு ஒரு பழக்கமும் நம்மிடம் ஒட்டிக்கொண்டுள்ளது. வெள்ளிப் பொருள் ஒன்றைக் கண்டவுடன், 'யார் செய்தது? எப்படிச் செய்தது?' என்று நாம் கேட்பதில்லை, 'எடை எவ்வளவு?' என்றே கேட்கிறோம்.

செமினி வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாக மாறின. தோட்டத்தை விட்டுப் பெயர்ந்த குடும்பங்களின் இரும்புப் பெட்டிகளில் பாட்டியின் தண்டையும் காப்பும், குழந்தையின் அரைஞாணும், குங்குமச் சிமிழும், சந்தனக் கிண்ணமும் இருந்தன. அவற்றுள் எத்தனையோ பொருள்கள் நகரத்து நகைக்கடைத் தராசில் ஏறி உருக்குலைக்குப் போயின. அத்தகைய கடை ஒன்றில் நான் கண்ட காட்சி இன்னும் நெஞ்சை விட்டு அகலவில்லை. பழைய பன்னீர்ச்செம்பு ஒன்றை ஓர் அம்மையார் கொண்டுவந்தார். அன்னத்தின் கழுத்துப்போல் வளைந்த அதன் கழுத்தை, உள்ளே அரக்கு இருக்கிறதா என்று பார்ப்பதற்காகக் கடைக்காரர் கத்தரியால் வெட்டினார். அரக்கு இல்லை. எடைக்குரிய பணத்தை அம்மையார் பெற்றுச் சென்றார். ஒரு கைவினைஞனின் பல நாள் உழைப்பு ஒரு நொடியில் வெறும் உலோகமாயிற்று.

இதற்கு நேர்மாறானது மேனாட்டு ஏலக்கூடங்களின் நிலை. 1744இல் தோன்றிய சோத்பி, 1766இல் தோன்றிய கிறிஸ்டி, 1793இல் தோன்றிய பான்ஹாம் ஆகிய இலண்டன் ஏல நிறுவனங்களின் பட்டியல்களில், சென்னையில் செய்த பழைய வெள்ளிக்குத் தனி இடம் உண்டு. 'சுவாமி வேலை' என்பது அதன் பெயர். தேநீர்க் கூசா, பாற்குவளை, சருக்கரைக் கிண்ணம், தட்டு ஆகியவற்றின் மேற்புறத்தில் நம் கோயில் தெய்வங்கள் புடைப்புச் சித்திரமாக எழுந்து நிற்கும். எடைக்குரிய விலையைப்போல் பன்மடங்கு கொடுத்து இவற்றை வாங்குவோர் உளர். அங்ஙனமாயின் ஏலம் கலையை அறிந்து மதிக்கிறது என்று கொள்ளலாமா? சற்று ஆராய வேண்டும்.

முதலில் அப்பொருளையே நோக்குவோம். இவ்வேலைக்குப் பெயர் பெற்றது சென்னை மவுண்ட் ரோட்டில் விளங்கிய பி. ஆர் அண்டு சன்ஸ் என்னும் ஆங்கிலேய நிறுவனம். வேல்சு இளவரசர் 1875-76இல் இந்தியாவைச் சுற்றிவந்தபின், அவர் பெற்ற பரிசுகள் இலண்டனிலும் 1878ஆம் ஆண்டுப் பாரிசுப் பொருட்காட்சியிலும் வைக்கப்பட்டன. இந்திய வெள்ளி வேலையின்பால் ஐரோப்பியர் கண் திரும்ப இவை பெரிதும் உதவின. பாத்திரத்தின் வடிவம் ஆங்கிலேயர் மேசைக்கு உரியது. உருவங்களோ நம் கோபுரங்களுக்கு உரியவை. தகட்டை அரக்கில் பதித்து, உட்புறமிருந்து தட்டி எழுப்பி, வெளிப்புறத்தில் சிற்றுளியால் நுணுக்கம் சேர்த்த கைத்திறம் வியக்கத்தக்கது. விரல் நகத்தளவு முகத்திலும் புன்முறுவல் தெரியும்.

ஆயினும் திறம் வேறு, அமைதி வேறு. கோபுரத்தில் ஒவ்வொரு தெய்வத்துக்கும் ஓர் இடம் உண்டு. அதைக் காண்பவன் நிற்கும் இடமும் உண்டு. கூசாவிலோ தெய்வங்கள் இடைவெளியின்றி நெருக்கி நிற்கின்றன. கண் தங்குவதற்கு வெற்றிடம் இல்லை. வணங்குதற்குரிய உருவம், தேநீர் ஊற்றும் கைக்குள் அடங்கும் அணியாகச் சுருங்கிவிட்டது. ஐரோப்பியச் செல்வாக்கால் இந்தியக் கைவினை தன் இயல்பை இழக்கின்றது என்று வருந்திய ஜார்ஜ் பேர்ட்வுட், இந்தியக் கைத்தொழில்களைப் பற்றிய தம் நூலை 1880இல் வெளியிட்டார். அவ்வருத்தம் முற்றும் பொய்யன்று. கத்தரிக்கு இரையான பன்னீர்ச்செம்பில் பூவேலை மிகக் குறைவு. ஆனால் அதன் வடிவம் பயனிலிருந்து பிறந்தது. அதனால் அது சுவாமிக் கூசாவினும் உயர்ந்த கலை என்பது என் கருத்து.

ஏலம் பெரிதும் நாடுவது முத்திரையை. இங்கிலாந்தில் 1000 பங்குக்கு 925 பங்கு தூய வெள்ளி என்னும் அளவைச் சிங்க முத்திரை உறுதி செய்தது. சென்னையில் அத்தகைய கட்டாய முத்திரை இல்லை. நிறுவனத்தின் பெயரே பொறிக்கப்பட்டது. ஆகவே விற்றவன் பெயர் நிலைத்தது. உளி பிடித்த பத்தரின் பெயர் மறைந்தது. கிராமத்துப் பத்தரிடம் மக்கள் வெள்ளி ரூபாயையே கொடுத்துப் பொருள் செய்துகொண்டனர். அந்நாளைய ரூபாயில் 12இல் 11 பங்கு வெள்ளி, அதாவது ஏறத்தாழ 1000க்கு 917. தரத்தில் பெரிய வேறுபாடில்லை. எனினும் ஏலத்தில் முத்திரையுள்ளது உயர்கிறது, முத்திரையற்றது தாழ்கிறது.

பொருளை எங்ஙனம் இனங்காண்பது என்னும் வினா நமக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் வழக்கே அஃதன்றோ? புறத்தோற்றத்தில் ஒத்திருந்த இரு சிலம்புகளுள் எது யாருடையது என்பதை உள்ளிருந்த பரலே காட்டியது. அரசியின் சிலம்பில் முத்து. கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். பொருளின் வரலாற்றை வினவாது வெளித்தோற்றத்தை நம்பியதால் ஓர் உயிர் போயிற்று. பழம்பொருள் திரட்டுவோர்க்கு இதனினும் பெரிய பாடம் இல்லை. முத்திரையைப் போலியாகப் பொறிக்கலாம். தட்டி எழுப்பிய தகட்டின் உட்புறத்தில் காணும் பள்ளங்களையும், பல்லாண்டுப் புழக்கத்தால் மேடுகள் மட்டும் தேய்ந்த தேய்வையும் எளிதிற் போலி செய்ய இயலாது.

ஏலத்தைப் பழிப்பது என் நோக்கமன்று. எடைக்கு மேல் ஒரு மதிப்பு உண்டு என்று சொல்லும் வரையில் அது பொருளைக் காக்கிறது. உலோகத்தின் விலை வேலையின் விலையை விஞ்சும்போது அக்காவலும் குலைகிறது. 1980 சனவரியில் வெள்ளி ஓர் அவுன்சு 50 டாலரை நெருங்கியபோது, மேனாடுகளில் பழம்பெரும் வெள்ளிப் பாத்திரங்கள் குவியல் குவியலாக உருக்கப்பட்டன. அதே ஆண்டு மார்ச்சில் விலை சரிந்தது, உருகியவை மீளவில்லை. 2025இல் அந்த 50 டாலர் எல்லையையும் வெள்ளி தாண்டியது. நம் வீட்டுப் பெட்டிகளுக்கு இதனால் வரும் இடர் சிறிதன்று.

தராசுக்கும் ஏலத்துக்கும் அப்பாற்பட்ட மதிப்பு ஒன்றும் உண்டு. பினாங்கு நகரத்தார் 1894இல் தமிழ்நாட்டிலிருந்து கொணர்ந்த வெள்ளி ரதம் தைப்பூசந்தோறும் வீதியில் உலா வந்துள்ளது. அதன் எடையை யாரும் கேட்பதில்லை. ஏலத்தில் என்ன விலை போகும் என்றும் கேட்பதில்லை. அது தன் தொழிலைச் செய்துகொண்டிருக்கிறது. வீட்டுக் குங்குமச் சிமிழுக்கும் இப்பெருமை உண்டு. நாம்தான் அதனை அறியவில்லை.

எச்.லிங் ராத் 1910இல் கீழ்நாட்டு வெள்ளி வேலையைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். மலாயர், சீனர் என்னும் இரு பெயர்களே அதன் தலைப்பில் உள்ளன. தோட்டத்துத் தமிழர் கடல் கடந்து கொண்டுவந்த வெள்ளிக்கு அங்கு இடமில்லை. அக்குறையை அயலார் வந்து நிரப்புவர் என்று காத்திருப்பது அழகன்று. தமிழாசிரியர் ஒவ்வொருவரும் தம் மாணவரிடம், வீட்டிலுள்ள பழைய வெள்ளிப் பொருள் ஒன்றின் படத்தை வரைந்து, அதன் பெயரையும் பயனையும், எவ்வூரிலிருந்து யார் கொண்டுவந்தார் என்பதையும் எழுதிவரச் சொல்லலாம். பாட்டியிடம் கேட்டால் பாதி வரலாறு கிடைத்துவிடும். திருநீறு இட்டு அழுத்தித் தேய்த்தால் சித்திரம் தேயும் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

எழுதி வைத்த வரலாறே நம் வெள்ளிக்கு நாம் இடும் முத்திரை. அதனை இட்ட பின்னர் விற்பதாயினும் விற்கட்டும்; வாங்குவோன் உலோகத்தை மட்டும் கொண்டுபோக மாட்டான்.